வேப்பெண்ணெய் பூசிய கை

என் மகளுக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருந்தது அவளுடைய சொந்தத் தாய்மாமன் இல்லை. அதற்குக் காரணம் கடுகளவு கருப்பு ஈயும், என் வாயும்.

எண்பதுகளின் தொடக்கம். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து முடித்து, வேலை குறைந்திருந்த நாட்கள். வெள்ளக்கடை ஊருக்குக் கீழே ஓடும் காட்டாற்று மணலில் பொன் துகள் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு, என் மனைவியின் அண்ணன் ஒரு மரத்தட்டோடு வந்து நின்றார்.

"பாப்பாக் கண்ணுக்குத் தோடு நாந்தான போடோணும்? ஆத்துப் பொன்னுலயே போட்டறலாமுங்க மாப்ளே" என்றார்.

நான் மணலை வெட்டிப் போடுவேன். அவர் குந்தி உட்கார்ந்து, தட்டைத் தண்ணீரில் சுழற்றி அலசுவார். முதல் வாரம் தினமும் நாலைந்து துகள் தட்டின் அடியில் மின்னின. ஈர்க்குச்சியால் தொட்டெடுத்து மருந்துப் புட்டியில் போட்டு வைத்தோம்.

ஆனால் அந்த ஈ! கடிக்கும்போது தெரியாது. பிறகு ஒரு பொட்டு ரத்தம், மறுநாள் வீக்கம், அப்புறம் நாள் கணக்கில் அரிப்பு. தட்டைப் பிடித்திருந்த மச்சானுக்கு அதை விரட்டக்கூடக் கை இல்லை. முழங்கையெல்லாம் பணியாரம் பணியாரமாக வீங்கிவிட்டது. நான்தான் பெரிய மேதாவி மாதிரி வேப்பெண்ணெய் வாங்கி வந்து, விரல் நுனிவரை வழிய வழியப் பூசிவிட்டேன். ஈ அண்டவில்லை. "நொம்ப நல்லாருக்குதுங்க" என்று சிரித்தார்.

அன்று முதல் தட்டில் பொன்னும் இல்லை. அதே இடம், அதே மணல். பழைய கடி அரித்து அவர் அடிக்கடி இடுப்பில் கையை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். என் புத்தி அந்த இடுப்பையே சுற்றி வந்தது. பத்தாம் நாள் கேட்டேவிட்டேன்.

"வேட்டி மடிப்பை அவுத்துக் காட்டுங்க மச்சான்."

அவிழ்த்து உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் ஊரான மாரமங்கலத்துக்கு நடந்தே போய்விட்டார். என் மனைவி ஆள்மேல் ஆள் அனுப்பியும் காதுகுத்துக்கு வரவில்லை. அவளுடைய சித்தப்பா மகன் மடியில் குழந்தையை உட்கார வைத்தோம். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் முகம் காட்டவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பல வருடம் கழித்து, நகை செய்யும் ஆசாரி ஒருவர் பட்டறைத் தூசியை அலசுவதற்குமுன் சீயக்காய் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன்.

"எண்ணெய்க் கையோட அலசுனா பொடித் தங்கம் தண்ணி மேல மெதந்து ஓடிருமுங்க" என்றார்.

மறுநாளே மாரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். மச்சான் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெயுங்களா? என்ற கைக்குத்தான் ராசியில்லைன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தனுங்க மாப்ளே. ராசியில்லாத கையில பாப்பாக் கண்ண மடியில வச்சுப் புடிக்கலாமுங்களா? அதான் வரல."

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. குத்திய காதை மறுபடி குத்த முடியாது.