உப்பில்லாத சம்பந்த விருந்து

1957ஆம் ஆண்டு ஆடி மாதம். என் அக்காவின் கணவரான மச்சானுக்குக் காலையில் எழுந்ததும் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. பிடரியில் ஓயாத வலி. புதுக்கோட்டை டாக்டர் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சியும் பார்த்தார்.

"சிறுநீரகம் பழுது. உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளாம ஒடம்புலயே நிறுத்துது, அழுத்தம் ஏறுது. ஏறுன அழுத்தம் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். உப்பை விட்டுருங்க" என்றார்.

சிறுநீரகம் வெறும் வடிகட்டி அல்ல, இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருள் உருவாகவும் அதுவே தூண்டுகிறது, சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தம் ஊறுவதும் குறைந்து முகம் வெளுக்கும் என்பதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று இதற்கு மாத்திரைகள் குறைவு. உப்பை விடுவதே பாதி மருந்து.

அக்கா தனிச்சட்டி வைக்கவில்லை. அன்னவாசலில் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் உப்பில்லாத ஒரே குழம்பு. வேண்டியவர்கள் இலை ஓரத்தில் உப்பு வைத்துக்கொள்ளலாம். மச்சானின் வீக்கம் மெல்ல வடிந்தது.

ஆவணியில் அக்காவின் மகனுக்குப் பொன்னமராவதியில் பெண் பேசப் போனோம். எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். நோயைச் சொன்னால் பெண் தர யோசிப்பார்களோ என்று பயந்த அக்கா, யாரிடமும் சொல்லாமல் மச்சானுக்கு டிபன் கேரியர் கொண்டுவந்திருந்தார்.

இலை போட்டதும் மச்சான் கேரியரைத் திறந்தார்.

"எங்க வீட்டுச் சோத்துல என்னங்க கொறை கண்டீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

மச்சான் கேரியரை ஒதுக்கிவிட்டு இலையிலிருந்த அப்பளத்தை எடுத்தார். "ஒரு நாளைக்குத் தின்னா செத்தா போயிருவேன்" என்று அக்காவிடம் முணுமுணுத்தார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "இவங்களுக்குச் சிறுநீரகத்துல கோளாறு. உப்பு ஆகாது. மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. பொண்ணு குடுக்குறதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம். ஆனா இவங்க உப்புத் திங்க மாட்டாங்க" என்றார்.

கேரியர் சோறு உண்டால் அந்த வீட்டில் கை நனைத்ததாகாது. அக்கா நேரே அடுப்படிக்குள் போய் அவர்கள் வீட்டுப் புளியைக் கரைத்தார்; மிளகை வறுத்துத் தட்டினார்; சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கினார்.

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். "சம்மந்தம் இன்னும் பேசி முடிக்கல, அதுக்குள்ள அடுப்படிக்கே வந்துட்டீங்களே."

"முடிக்கிற எண்ணம் இல்லாம எவ வந்து அடுத்த வீட்டு அடுப்பை ஊதுவா?" என்றார் அக்கா.

கொதிக்கும் குழம்பு மச்சானின் இலைக்கு வந்தது. பெண்ணின் அப்பா, "எனக்கும் அதையே ஊத்துங்க" என்றார். ஒரு வாய் உண்டு சற்று விழித்தார். பிறகு விடாமல் சாப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். இவள் என் கூடப் பிறந்தவள் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

அடுப்படிக் கதவோரம் நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள்: "மிளகை எவ்வளவு வறுக்கணும், அத்தை?"

"இங்கிட்டு வா, காட்டுறேன்" என்றார் அக்கா.