தவக்காலத்து அல்லேலூயா

எங்கள் பங்குப் பேரவையை நினைத்தாலே எனக்குக் குமட்டும். என்னை நினைத்தால் இன்னும் அதிகமாகக் குமட்டும். அதனால் முதலில் ஞா செபெரீனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் வாய் கசப்பதில்லை.

மரியாதைக்கு 'ஞா' சேர்த்து ஊருக்கு அவள் ஞா செபெரீனா, கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அக்கா. பேருந்து நிறுத்தத்தில் மூலிகை விற்பவள். தெரெரே என்கிற குளிர்ந்த இலைத் தேநீர் குடிக்கிறவர்கள் தண்ணீர்க் குடுவையோடு வந்து நிற்பார்கள். அவள் மர உரலில் புதினாவையும் எலுமிச்சைப் புல்லையும் நங் நங்கென்று இடித்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொடுப்பாள். கட்டட வேலைக்கென்று புவனோஸ் ஐரிஸ் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். "இங்க இருந்தப்ப மட்டும் என்ன, தாளத்துலயா நின்னான்?" என்று சொல்லிவிட்டு உரலை எடுத்தவள்தான். இரண்டு பெண்களையும் இடித்தே கரையேற்றினாள்.

இசைக் குறிப்பு ஒன்றும் படிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடம் எங்கள் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். தகரக் கூரையில் மழை கொட்டினாலும் அவள் குரல் கடைசி பெஞ்சுவரை போகும். பாடகர் குழுவில் அவளையும் என்னையும் சேர்த்து ஏழு பேர். கீபோர்டு வாசிக்கிறவன் நான், மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வெனான்சியோ.

ஒத்திகையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "ஒருத்தன் தப்பா எடுத்துட்டான்னா எல்லாரும் அவன்கூடவே போயிடணும். கோயில்ல யாரையும் தனியாப் பாட விடக்கூடாது, புரிஞ்சுதா? ஏய் லூர்தெஸ், வாயத் தொறந்து பாடுடி. ஈ பூந்துடும்னு பயமா?"

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு வந்தது. தவக்காலம் முழுக்க அல்லேலூயா கிடையாது, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா வரும்வரை அந்தச் சொல்லே வாயில் வரக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பொடிசுகளுக்கும் தெரியும். நற்செய்திக்கு முன்னால் வேறொரு வாழ்த்தொலி பாடுவோம். எனக்கோ பட்டறையில் பிரித்துப் போட்டுவிட்டு வந்த எஞ்சின் ஞாபகம். கை தன் பாட்டுக்குப் பழக்க தோஷத்தில் அல்லேலூயாவின் மெட்டை வாசித்துவிட்டது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அரை நொடிதான். பிறகு வாயைத் திறந்து "அல்லேலூயா" என்று எடுத்தாள். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். கோயிலே சேர்ந்துகொண்டது. நற்செய்திப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற ரோலோன் சாமியாரின் காது இரண்டும் சிவந்துபோயின.

செவ்வாய்க்கிழமை பேரவை கூடியது. தலைவி பெர்லா, மருந்துக்கடைக்காரி. அவளுடைய மருமகன் ரூபெனுக்கு டிரம்ஸ், கிடார் எல்லாம் வைத்து ஒரு குழு உண்டு. அக்காவின் இடத்தை அவனுக்கு வாங்கிக் கொடுக்க இரண்டு வருடமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தவள் பெர்லா. அன்று சாயங்காலம் கூட்டத்துக்கு முன்னால் ரூபென் என் பட்டறைக்கு வந்திருந்தான். "ரெண்டடுக்கு கீபோர்டு வாங்கியிருக்கேன்ணே. நீதான் வாசிக்கணும்" என்று தோளில் கையைப் போட்டுச் சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டத்தில் பெர்லா தேன் சொட்டச் சொட்டப் பேசினாள். "ஞா செபெரீனா மேல நமக்கெல்லாம் மரியாதை உண்டு. ஆனா பாருங்க, எந்தக் காலம் நடக்குதுன்னே அவங்களுக்குத் தெரியல. வயசாகுதில்ல? வெனான்சியோ, நீயா வாசிச்சே, அவங்க சொல்லி வாசிச்சியா?"

அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் கை, நகக்கண்ணில் பச்சை.

"அக்கா தலையாட்டினாங்க" என்றேன்.

சீ! இப்போது எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெர்லா அவள் பக்கம் திரும்பினாள். "அப்படியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அதே அரை நொடி. "ஆமா. நான்தான் தலையாட்டினேன்" என்றாள்.

அன்று முதலில் வந்தது என் கீபோர்டு, அதற்குப் பிறகுதான் அவள் பாட்டு. அது அங்கிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்ததுதான். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ரோலோன் சாமியார் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "அம்மா கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே" என்று சொல்லி ஜெபத்தோடு கூட்டத்தை முடித்து வைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்த ஞாயிறிலிருந்து அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் இரண்டடுக்குக் கீபோர்டில் வாசித்தேன். ரூபெனின் பாட்டுகளைக் கேட்டால் சலவைத்தூள் விளம்பரம் மாதிரி இருக்கும். பாடுகிற பெண்கள் ஜனங்களைப் பார்ப்பதில்லை, படம் பிடிக்கிற போனைத்தான் பார்ப்பார்கள். ஜனங்களும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரத்தில், ஊரே சீப்பா ரொட்டி சுட அடுப்பு மூட்டிய புதன்கிழமை, பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன்.

"என்ன வேணும்?" என்றாள், நிமிராமலே.

"குமட்டுதுக்கா. மூணு வாரமா."

அவள் ஏதோ ஒரு வேரைப் போட்டு இடித்தாள். "வெறும் வயித்துல குடி. சாப்பாட்டால வந்ததுன்னா நின்னுடும்."

அடுத்த ஆளின் குடுவைக்குக் கை நீட்டினாள். வீட்டுக்கு வந்து குடித்தேன். நிற்கவில்லை.

பாஸ்கா ஞாயிறு காலைப் பூசைக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. நற்செய்திக்கு எல்லாரும் எழுந்தார்கள். அல்லேலூயாவுக்கு வருடத்திலேயே பெரிய நாள். ரூபென் எனக்குச் சைகை காட்டினான். நான் அல்லேலூயா வாசிக்கவில்லை. வேண்டுமென்றேதான், தவக்கால வாழ்த்தொலியின் மெட்டை வாசித்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தப்பு என் கையில்தான் இருக்கிறது என்று ஊர் தன் கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

ரூபென் கிடாரிலிருந்து கையை எடுத்துவிட்டான். டிரம்ஸ்காரன் சிரித்தான். பெண்கள் மைக்கை விட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். என் கீபோர்டு மட்டும் தனியாக அழுதுகொண்டிருந்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது. பாஸ்கா ஞாயிறில், அத்தனை பேர் நடுவில், தன்னந்தனியாக, தவக்காலப் பாட்டை என்னோடு சேர்ந்து பாடினாள் அக்கா.

முன்வரிசையில் பெர்லா திரும்பினாள். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? இன்னிக்கு என்ன நாள்னே தெரியல, பாவம்!" வரிசை முழுக்கத் தலையை ஆட்டியது. அட மானங்கெட்டவர்களே! மெட்டை எடுத்தவன் நான், உங்கள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்!

மைக்கைப் பிடுங்கினேன். "அன்னிக்கு வாசிச்சதும் நான்தான். அக்கா தலையாட்டல. நான் பொய் சொன்னேன்."

சாமியார் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெர்லா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். யாராவது ஒரு ஆள் "ஆமா, எங்களுக்கும் தெரியும்" என்று சேர்ந்துகொள்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள், வாயை இறுக மூடியபடி. இந்தத் தடவை நான் தப்பாக எடுக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக என்னைத் தனியாக விட்டாள்.