'அம்மிணி' யாருங்க?

பனியன் ஜாப் ஒர்க்கில் நல்ல டெய்லர் கிடைப்பதுதான் பெரும் பாடு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உயிலும் கையுமாக வக்கீல் தேடி அலைந்தவர்களே, நம் பாடு அதைவிடப் பெரிது.

பீரோவில் இருந்தது

அவிநாசிப் பக்கம் எங்கள் தையல் ஷெட். அப்பாவோடு சேர்ந்து அதை நடத்தியது நான்தான். அவர் போன பிறகு பீரோவில் உயில் கிடைத்தது. கைப்பட எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அண்ணனுக்கு முழுப்பெயர் போட்டுத் தோட்டத்தைக் கொடுத்தவர், என் முறை வந்ததும் 'ஷெட்டும் மிஷின்களும் அம்மிணிக்கு' என்று முடித்துவிட்டார். பெண்பிள்ளைகளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகேஸ்வரி என்று அப்பா என்னை ஒருநாளும் அழைத்ததில்லை.

ஷெட்டை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தார் அண்ணன். உயிலைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்பா உங்க அண்ணியையுந்தான் அம்மிணின்னு கூப்புடுவாரு."

ஏசி ரூம் வக்கீல்

முதலில் போனது வெளியூரிலிருந்து வந்து திருப்பூரில் ஆபீஸ் போட்டிருந்த பெரிய வக்கீலிடம். உயிலை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஜூனியரை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "சங்கடப்படாம சொல்லுங்க மேடம், இந்த அம்மிணி உங்கப்பாவுக்கு எத்தனை வருஷப் பழக்கம்?"

சமாதான வக்கீல்

அடுத்தவர் தாராபுரத்துக்காரர். அம்மிணிக்கு அர்த்தம் தெரிந்தவர். காபியெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண் கூடப் பிறந்தவனோடு மல்லுக்கு நிற்கலாமா என்றார். எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாச்சு, பையன் பத்தாவது படிக்கிறான் என்றேன். எனக்கு வந்த கோபத்துக்குக் காபியை அப்படியே வைத்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது: "அப்ப இன்னும் சுலபமாப் போச்சு கண்ணு, மாப்பிள்ளை ஊட்டுல ஒரு ஷெட்டு இல்லாமயா இருக்கும்?"

மாடிப்படியில்

விடுவதாக இல்லை. மூன்றாவது, அவிநாசியில் மருந்துக்கடை மாடியில் இருந்த வக்கீலம்மா. நான் வாயைத் திறக்கும் முன்பே, "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்தான் நம் வக்கீல் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

உயிலைப் படித்துச் சிரித்தவர் உடனே காலை வாரினார்: "பால் ஊத்தற பொண்ணையும் நான் அம்மிணின்னுதானுங்க கூப்புடறேன், கோர்ட்டுக்குக் காகிதம் வேணுமுங்க."

கூண்டில் செல்வராஜ்

மூன்று நாள் ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். நான் செக்கிங் முடித்த பண்டல்களுக்கு அப்பா எழுதிய சீட்டுகள் ஒரு மூட்டை கிடைத்தன. எல்லாவற்றிலும் 'அம்மிணி பார்த்தாச்சு'. அண்ணி செக்கிங் டேபிள் பக்கமே வந்ததில்லை.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் எங்கள் டெய்லர் செல்வராஜ், தூத்துக்குடிக்காரர். உயிலில் இருக்கும் அம்மிணி இந்த மகேஸ்வரிதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கோர்ட்டில் அண்ணனின் வக்கீல் அவரை மடக்கினார். செல்வராஜ் என்னை ஒருமுறை பார்த்தார்: "பதினோரு வருசமா அவங்ககிட்டதான் வேல பாக்கேன் ஐயா, அவங்க பேரு மகேஸ்வரின்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

தீர்ப்பு என் பக்கம் வந்து, ஷெட் மகேஸ்வரி பெயருக்கு முறைப்படி மாறியும்விட்டது, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எங்கள் வீதியில் இன்னும் ஒருவருக்கும் தெரிவதில்லை.