அருவிச் சத்தத்தில் சொல்லிப் பார்த்த பதில்

மருத்துவச்சிப் பரீட்சையில் நான் முதல் தடவை தோற்றது படிக்காததால் இல்லை. புத்தகம் முழுக்க எனக்கு மனப்பாடம். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். வாய்ப் பரீட்சையில்தான் வாய் திறக்கவில்லை.

திருநெல்வேலியில் அந்தப் பரீட்சையை வார்டுக்குள்ளேயே வைப்பார்கள். கட்டிலில் நிறைமாதக்காரி ஒருத்தி படுத்திருப்பாள். டாக்டரம்மா தலைமாட்டில் நின்று கேள்வி கேட்பார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று சொன்னேன். சரி என்றார். பிறகு, பிள்ளை பிறந்தபின் உதிரம் நிற்காவிட்டால் என்ன செய்வாய், அப்படியும் நிற்காவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கட்டிலில் கிடந்தவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி காதுபடச் சாவைப் பற்றிப் பேச மாட்டார்கள். துட்டிச் செய்தி வந்தால்கூட அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வாசலில் நிற்பவனிடம் விவரம் கேட்பார்கள். அதிலும் நான் இருபது வயதில் தாலி அறுத்தவள். அறுதலி வாயால் அதைச் சொல்லி, அது அப்படியே பலித்துவிட்டால் என்ன செய்வது? டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

தென்காசிக்குத் திரும்பி வந்து பழையபடி ஆஸ்பத்திரியில் துணி அவித்தேன், பேசின் கழுவினேன், பிரசவ அறையைத் துடைத்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம், அதிலும் தவறினால் என் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். கடையத்திலிருந்து அண்ணன் கார்டு போட்டிருந்தார். தேறாவிட்டால் வீட்டுக்கே வந்துவிடு, இங்கே உலை வைக்க ஆள் வேண்டியிருக்கிறது என்று. அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் புருஷன் போனபிறகு மூன்று வருஷம் அந்த அடுப்படியில் கிடந்திருக்கிறேன். உப்பு போதுமா என்பதைத் தவிர அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மறுபடி உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று தெரியும்.

பரீட்சை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கை வேர்த்துப் பேசின் வழுக்கி விழும். விபூதி பூசிக்கொள், மிளகு மெல்லு, படித்தது போதும் தூங்கு என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தேன். விபூதியும் மிளகும் செலவானதுதான் மிச்சம். தூக்கம் வந்தால் தூங்க மாட்டேனா? படிப்பில் குறையில்லை, வாய்தான் பழக வேண்டும் என்று எனக்கே புரிந்தது. எங்கே போய்ப் பழகுவது? ஆஸ்பத்திரியில் திரும்பின பக்கமெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிகள்.

அப்போது சாரல் காலம். ஞாயிற்றுக்கிழமை அரைநாள் விடுப்பில் குற்றாலத்துக்கு நடந்தேன். பெண்கள் குளிக்கிற பக்கத்தில், அருவிக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு பதிலைச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் கத்தினேன். பக்கத்தில் குளித்த ஓர் அம்மாள் நான் சுலோகம் சொல்வதாக நினைத்து, தன் மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று அதையும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள். உதிரப்போக்கில் வேண்டிக்கொள்ள என்ன இருக்கிறது? தலையாட்டி வைத்தேன். நான்கு ஞாயிறு அப்படிப் போனது. தடுமன் பிடித்தது. ஈரச் சேலை உடம்பிலேயே காய, மூன்று மைல் திரும்பி நடக்கும்போது, இந்தப் பாடு எதற்கு, பேசாமல் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாமே என்று தோன்றும். அவ்வளவு அலுப்பு.

இரண்டாவது தடவையும் அதே வார்டு, அதே டாக்டரம்மா. கட்டிலில் மட்டும் வேறொருத்தி. அதே கேள்வி வந்தது. அருவியில் நிற்கும்போது எதிரே முகம் இருந்ததில்லை. இங்கே இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"யக்கா, நீங்க சொல்லுங்க. நான் காதப் பொத்திக்கிடுதேன்" என்றாள் கட்டிலில் கிடந்தவள். சொன்னபடியே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் சொன்னேன். அடிவயிற்றைத் தேய்த்துக் கருப்பையை இறுகச் செய்வது, பிள்ளையை மார்பில் போடுவது, கட்டிலின் கால்மாட்டை உயர்த்துவது, உடனே டாக்டருக்கு ஆள் விடுவது, ஒன்றும் விடவில்லை. கடைசியில், அப்படியும் நிற்காவிட்டால் செத்துப்போவாள் என்றேன். அருவியில் பழகிய குரல் அல்லவா? வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு சத்தம் வேண்டாம், எனக்குக் காது கேட்கும் என்றார் டாக்டரம்மா.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். காதில் விழுந்திருக்குமே, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

"விழணும்னுதான் கைய லேசா வச்சிருந்தேன். எங்கக்கா இப்படித்தான் போனா. சுத்தி நின்ன அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அபசகுனம்னு ஒருத்தியும் வாயத் தொறக்கல. டாக்டரக் கூப்பிடச் சொல்லக்கூட ஆளில்ல" என்றாள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போன தடவை நான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் புண்ணியம் என்றல்லவா இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்?

ஒரு மாதம் கழித்துத் தேறிவிட்டதாகத் தபால் வந்தது. சந்தோஷப்படத் தெம்பில்லை. படுத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அண்ணனுக்குக் கார்டு எழுதினேன். உலை வைக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும், அண்ணியின் அடுத்த பிரசவத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பவும் என்று.