மூன்று விளக்கும் எரிந்தன

களமருதூரில் எங்கள் மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டருக்கு மேலே மூன்று சிறு விளக்குகள் இருந்தன. கரண்ட் வரும் கம்பி மூன்று, கம்பிக்கு ஒரு விளக்கு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒண்ணு அணைஞ்சிருந்தா லைன் கோளாறு. சும்மா காத்துக்கினு இரு. மூணும் எரிஞ்சும் ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டாரு நின்னுச்சின்னா, மோட்டாருல கோளாறு. ரெண்டு தடவைக்கு மேல அமுக்காத, மெக்கானிக்க கூப்புடு."

"பரீட்சை வைப்பீங்களா?" என்று சிரித்தேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் பரீட்சை வந்தது. நெல் பால் பிடிக்கும் சமயம். அவர் மறியலுக்குப் போய்விட்டார். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு எல்லோரும் அங்கேயே கிடந்தார்கள். அவர் போன மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் விழுந்தது. விளக்கு மூன்றும் எரிந்தன. இன்னொரு தடவை அமுக்கினேன். அப்போதும் விழுந்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கையை எடுத்தேன். திருநாவலூரில் புதிதாகக் கடை போட்டிருந்த மெக்கானிக்குக்கு, வயல் வழியாகப் போன ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். உடனே வருகிறேன் என்றாராம்.

வரவில்லை. மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழனி வெடிக்கத் தொடங்கியது. அதற்குள் மறியலில் இருந்தவர்களைப் போலீஸ் பிடித்துக் கடலூருக்குக் கொண்டுபோய்விட்டது என்று செய்தி வந்தது. அவரும் இல்லை, தண்ணீரும் இல்லை. நான்காம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பச்சைப் பொத்தானை அமுக்கி, ஸ்டார்ட்டர் விழாமலிருக்க ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்து இடுக்கில் செருகினேன். எங்கள் பக்கம் பலரும் செய்கிற கோணல் வேலைதான். கொஞ்ச நேரம் தண்ணீர் வந்தது. பிறகு கருகல் நாற்றம் வந்தது.

ரோடு திறந்த பிறகுதான் மெக்கானிக் வந்தார். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தவர், சுவரிலிருந்த எங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க சொல்லி அனுப்புன அன்னிக்கே வந்தேங்க்கா. இவருதான் மரத்தாண்ட மடக்கி, சைக்கிளும் போவக்கூடாதுன்னு திருப்பி அனுப்புனாரு. எந்த வூட்டுக்குப் போறன்னு ஒரு வார்த்த கேக்கல."

ஜெயிலிலிருந்து வந்தவர் பதராகிப்போன நெல்லைக் கையில் கசக்கிப் பார்த்தார். "குச்சிய வெச்சியா? இன்னா அவசரம் உனக்கு?" என்றார். அந்தக் கேள்வியை வருஷக்கணக்காக, விருந்தாளி முன்னாலும் விடாமல் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மெக்கானிக் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. பின்னால் எங்கள் மகள் டீச்சரானது அந்த ஒதுக்கீட்டில்தான். அந்த மறியலைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் அவர் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் தானாகவே ஆரம்பித்தார்.

"மறியல்ல ஒரு மெக்கானிக்க திருப்பி அனுப்பிட்டேம்மா. பொட்டிய வெச்சிக்கினு கெஞ்சினாரு. பாவம், எந்த வூட்டுப் பயிரு காஞ்சிதோ."

இத்தனை வருஷம் அடக்கியது வாய்வரை வந்தது. அவர் கை என் கையில் இருந்தது, எலும்பாக.

"வேற மெக்கானிக் கெடைச்சிருப்பாரு, விடுங்க. பயிரு பொழைச்சிருக்கும்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.