மேல போனா சரியாயிடும்

என் அக்கா புருஷனுக்கு வேலை செய்யும் இடத்தில் ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பெயர். அதை வைத்தவள் நான்தான், இதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. விமான நிலையத்துக்குப் பின்பக்கம், ஜன்னலே இல்லாத நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. விமானங்களுக்குச் சாப்பாடு போவது அங்கிருந்துதான். சூடான சமையல் பகுதியில் அத்தான் பெரிய சமையல்காரர். தட்டு அடுக்கும் பெல்ட்டில் நான். ஸ்பூன், கத்தி, நாப்கின் சுருட்டும் மேஜையில் அவருடைய மகள். அக்கா மட்டும் தப்பித்து வீட்டில் இருக்கிறாள். தப்பித்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

பெயர் வந்த கதை இது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் யாராக இருந்தாலும், முதல் நாள் அத்தான் வைத்த குழம்பை ஒரு சொட்டு நக்கிப் பார்ப்பார்கள். உடனே முகம் கோணிப்போகும். “என்னண்ணே, இப்படிக் கரிக்குது?” என்பார்கள். அத்தான் கரண்டியைத் துடைத்தபடியே சொல்வார்: “மேல போனா சரியாயிடும்.”

அது பொய்யில்லை. ஆகாயத்தில் விமானத்துக்குள் காற்று அப்படிக் காய்ந்து கிடக்குமாம், மூக்கு வறண்டு, நாக்கு மரத்துப்போகுமாம். தரையில் அளவாக இருக்கும் சாப்பாடு மேலே போனால் அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கும். அதனால் உப்பு, புளிப்பு, காரம் எல்லாமே ஒரு பிடி தூக்கலாகத்தான் விழும். எல்லாம் சரி. ஆனால் இந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் அதையே சொன்னால் என்ன செய்வது? சோறு குழைந்தாலும் மேலே போனால் சரியாகிவிடும், பெல்ட் நின்றாலும் மேலே போனால் சரியாகிவிடும். “என் முழங்கால் வலிகூட மேல போனா சரியாயிடுமா அத்தான்?” என்று நான் கேட்டதற்கு, “உனக்கு வாய் முதல்ல சரியாகட்டும்” என்றார். மேல்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்தேன். பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது.

வேலைப் புத்தியை வேலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ஜாதியில்லை அவர். வீட்டு ஃபிரிட்ஜில் உள்ள எல்லாவற்றிலும் கிழமைக்கு ஒரு நிறமாக ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இல்லாத பாலைக் குப்பையில் கொட்டிவிட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மகளின் பிறந்தநாள் கேக்கில் சூடு பார்க்கிற கம்பியைச் செருகியவர் அவர். மெழுகுவர்த்தியை அணைக்கும் வரை பொறுக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து பைலட் சாப்பாடு. விமானம் ஓட்டுகிற இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு போகக்கூடாது என்பது எங்கள் இடத்துச் சட்டம். ஒருவருக்குக் கோழி என்றால் மற்றவருக்கு மீன். ஒன்றில் கோளாறு இருந்து ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும், மற்றவர் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பார். நல்ல சட்டம்தான். அத்தான் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவரும் அக்காவும் ஒரே குழம்பைச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. “ரெண்டு பேரும் ஒண்ணா படுத்துட்டா பொண்ண யாரு பாக்கறது?” என்பார். அந்தப் பொண்ணுக்கு இப்போது கல்யாண வயசு.

பொண்ணு என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இடத்தில் தூக்கு வண்டி ஓட்டுகிற பையன் ஒருவன் இருக்கிறான். சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், வண்டியின் உடம்பையே மேலே தூக்கி, விமானத்தின் கதவோடு சேர்ப்பான். அவனுக்கும் எங்கள் பொண்ணுக்கும் நாப்கின் மேஜையில் ஆரம்பித்த பழக்கம் எங்கேயோ போய்விட்டது. நல்ல பையன். நானே நோண்டி நோண்டிப் பார்த்தேன், குறை கிடைக்கவில்லை. சிக்கல் அவனுடைய அம்மாவிடம் இருந்தது. அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. காரணமும் சொல்லவில்லை. “அம்மா சரின்னு சொல்லாம என்னால முடியாது” என்று பையன் சொல்லிவிட்டான். பொண்ணு வெளியே சிரித்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஆனால் அவள் சுருட்டிய நாப்கின்களில் சில சுருளில் கத்தி இல்லை, சில சுருளில் இரண்டு கத்தி. மனசு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா?

கடைசியில் பையன் கெஞ்சிக் கூத்தாடி, அம்மாவையும் அப்பாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட அழைத்துவர ஏற்பாடாயிற்று. அந்த அம்மாவைப் பற்றிக் காதில் விழுந்தவை ஒன்றும் நன்றாக இல்லை. முன்னாளில் கை மணத்துக்குப் பேர் போனவராம். இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். “அவங்க தட்டத் தள்ளிட்டா என் கதை முடிஞ்சுது சித்தி” என்றாள் பொண்ணு. முதல் தடவையாக அவள் குரல் உடைந்ததைக் கேட்டேன்.

அக்கா சமைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுக்கு அந்த வாரம் பார்த்துச் சளி பிடித்துத் தொலைத்தது. தும்முகிறவள் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று அத்தான் வாசலிலேயே மறித்துவிட்டார். தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. எனக்கும் ஒரு தொப்பியைக் கொடுத்து, மேஜையை அடுக்கச் சொன்னார்.

அடுக்கினேன். என்னைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் பெல்ட்டின் முன்னால் தட்டின் படம் ஒன்று மாட்டியிருக்கும். ரொட்டி இடது மூலை, கிண்ணம் வலது மூலை, கோப்பையின் காது இந்தப் பக்கம். அந்தப் படம் என் கைக்குள் இறங்கிவிட்டது. எல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அவ்வளவு பெரிய மேஜையின் ஒரு கோடியில் அத்தனை பேருடைய தட்டும், ஒரே விமானத் தட்டில் அடுக்கியது போல, முழங்கைக்கு இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. மாற்றலாம் என்று கையை வைத்தபோது வாசல் மணி அடித்துவிட்டது.

அடுப்படியில் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. “ருசி பாரு, ருசி பாரு” என்று அக்காவின் வாயில் ஒரு கரண்டியைத் திணித்தார். மூக்கடைத்தவளிடம் போய் ருசி கேட்கிற ஆளை என்ன சொல்வது! “நல்லாத்தாங்க இருக்கு, அளவா இருக்கு” என்றாள் அவள். நான் அதைக் கேட்டேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

வந்து உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா அதிகம் பேசாத, ஒல்லியான மனிதர். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தன் முழங்கையை இடித்த தட்டை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தான் பரிமாறினார். அந்த அம்மாவுக்குக் கோழி. அவர் கணவருக்கு மீன்.

“ஏங்க, எனக்கு மட்டும் ஏன் வேற?” என்றார் அம்மா.

“நான் சொல்றேன்” என்று நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் உற்சாகமாகிவிட்டார். பைலட் சட்டத்தை ஆதியோடந்தமாக விளக்கினார். “ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு குடுத்து, ஏதாவது ஆயிட்டா குடும்பத்த யாரு ஓட்டறது? அதான் கேப்டனுக்குக் கோழி” என்று முடித்தார்.

“அப்போ எங்கள்ல ஒருத்தருக்கு வயிறு கெடும்னு நெனச்சுத்தான் சமைச்சீங்களா?”

பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். பையன் அவசரமாக, “சாப்பிடலாம்மா, ஆறிடும்” என்று ஒரு பெரிய துண்டை வாயில் போட்டான்.

போட்டவன் மெல்லாமல் அப்படியே இருந்துவிட்டான். கண்ணில் நீர் கட்டியது. நானும் ஒரு வாய் வைத்தேன். ஐயோ! உப்பு என்றால் உப்பு, புளிப்பு என்றால் புளிப்பு, காரம் காதைப் பிடித்து இழுத்தது. பாவி மனுஷன் பதற்றத்தில் வானத்துக்குச் சமைத்துவிட்டார்! அக்கா மட்டும் ஒன்றும் தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையனின் அப்பா தன் தண்ணீரைக் குடித்தார். பிறகு மகனுடைய தண்ணீரையும் குடித்தார். அவ்வளவு மரியாதைக்காரர்.

அத்தான் அப்போதுதான் தானும் ஒரு வாய் வைத்தார். அவர் நாக்குக்கு அது பழகின ருசி. ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மகளைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் அந்த மனிதர் பாதியாகிவிட்டார். நான் கேலி பேசுகிறவள்தான், ஆனால் அந்த நேரம் எனக்கே அழுகை வந்தது. இருந்த ஒரே ஒரு வாய்ப்பு. தன் மகளுக்கு அதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று அவர் நினைத்தது அப்படியே முகத்தில் தெரிந்தது.

சட்டென்று எழுந்து அந்த அம்மாவின் தட்டைப் பிடித்தார். “அம்மா, வேணாம், வெச்சிடுங்க. தப்பு நடந்துபோச்சு. வேற ஏதாவது…”

“கையை எடுங்க” என்றார் அம்மா.

அவர் எடுத்தார். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். மெல்லவில்லை, அப்படியே வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். தட்டு காலியானதும், “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றார். அத்தான் போட்டார். அதுவும் போயிற்று. பக்கத்தில் கணவருடைய மீனிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். எங்கள் பைலட் சட்டம் அந்த இடத்திலேயே செத்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது.

“காரமா அத்தை?” என்று பயந்து பயந்து கேட்டாள் பொண்ணு.

“இல்லம்மா. ருசிக்குது.”

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் ருசியும் போய்விட்டன. எதைத் தின்றாலும் காகிதம். யாரிடமும் சொல்லவில்லை.

“ஏம்மா சொல்லல?” என்றான் பையன்.

“என்னன்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் என் கைச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு ஓடி ஓடி வந்தீங்க. நாக்கு செத்துபோச்சுன்னு சொன்னா, அப்புறம் அந்த வீட்டுல நான் யாரு? கை அளவுலயே சமைச்சேன். அப்புறம் நீ வீட்டுல சாப்பிடறத விட்டுட்ட. இந்தப் பொண்ணு பின்னாடி போனதுலதான் உனக்கு என் சோறு கசக்குதுன்னு நெனச்சேன். அதான் இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கல.”

பையன் தலையைத் தொங்கப்போட்டான். “இல்லம்மா. சாப்பாட்டுல உப்பே இல்ல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேலையிலேயே சாப்பிட்டேன்னு பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

அம்மா கணவரைப் பார்த்தார். “நீங்க சாப்பிட்டீங்களே. தினம் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்களே!”

அந்த ஒல்லி மனிதர் டம்ளரைக் கீழே வைத்தார். “உன் தங்கச்சியப் பத்தி ஒரு வார்த்தை பேசிட்டேன் இல்ல, அந்தக் கோவத்துலதான் நீ உப்பில்லாமப் போடறேன்னு நெனச்சேன்.”

“வருஷம் பூராவா?”

“சரி, தண்டனை முடியட்டும்னு இருந்தேன்.”

முதலில் சிரித்தது நான்தான். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு அக்கா, பிறகு அந்த அம்மாவே, கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தான் மட்டும் கையில் கரண்டியோடு, தான் செய்தது தப்பா சரியா என்று விளங்காமல் நின்றார்.

சிரித்து ஓய்ந்து, அம்மா எங்கள் பொண்ணு பக்கம் திரும்பினார். “உனக்கு நாக்கு நல்லா இருக்கா?”

“இருக்குங்க அத்தை. முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. பயத்துல சொல்லல.”

“எங்க வீட்டுக்கு வந்தா பயப்படக் கூடாது. சமைக்கிறது நான்தான், அத விட்டுக்குடுக்க மாட்டேன். நீ ருசி பாத்து உள்ளதச் சொல்லணும். பொய் சொல்றதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க.”

பொண்ணு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா மூன்றாவது தடவை கோழிப் பாத்திரத்தின் பக்கம் கையை நீட்டியிருந்தார்.

“அப்படின்னா இப்பவே சொல்லிடறேன் அத்தை” என்றாள். “போதும். இவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது. தட்ட இப்படிக் குடுங்க.”

அம்மா அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டைக் கொடுத்துவிட்டார்.