வாசற்படிச் செம்பு

நான் விசுவாசி அல்ல, பயந்தாங்கொள்ளி. என் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டி, அதைக் காட்டி ஒருத்தியைத் தடுத்து நிறுத்தினேன். அவளுக்காகக் காத்திருந்தே அவள் புருஷன் செத்துப்போனான்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

பாலகாட் என்னும் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் மூங்கில் தட்டி வீடுகளில் ஒன்று எங்களுடையது. வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்திருப்பார்கள். ஷிப்ட் மாறும் நேரமல்லாத நேரத்தில் சங்கு ஊதினால், பூமிக்கடியில் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். பெண்கள் அந்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் இறங்கி ஏறும் சுரங்க வாயான ஷாப்டுக்கு ஓடுவார்கள். அடிபட்டு மேலே வருகிறவன் முதலில் கேட்பது தண்ணீர்தான். அதை அவன் வீட்டுக்காரியின் கையால் கொடுக்கவேண்டும் என்பது இந்த ஜனங்களின் பிடிவாதம்.

நானும் ஒருமுறை ஓடினேன். பாதி வழியில் கால் துவண்டு விழுந்தேன், செம்பு எங்கோ உருண்டது. அன்று அடிபட்டது வேறு யாரோ. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்து என்னைத் தூக்கிவிட்டார். ஆனால் என் தைரியம் அன்றோடு போய்விட்டது. அடுத்த முறை சங்கு ஊதியபோது என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. முழங்காலிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் அதை ஜெபம் என்றார்கள்.

ஜெபமா அது? ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் உபதேசியார் எல்லார் முன்னும் என்னைக் காட்டினார். "ராகேலம்மாவப் பாருங்க. ஊரே ஓடுது, அந்தம்மா ஆண்டவர் பாதத்துல ஒக்காந்துக்கினு இருக்காங்க" என்றார். வெட்கப்பட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கோ அது இனித்தது. வீட்டுக்கு வந்ததும் வாசலிலிருந்த செம்பைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம், ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டவளுக்குச் செம்பு எதற்கு என்றேன். கெட்டிக்காரிதான் நான்!

அடுத்த தட்டி வீட்டில் முனியம்மா. மாரியம்மனைக் கும்பிடுகிறவள், என்னைவிடச் சின்னவள். பல்லி சொன்னால்கூடப் புருஷன் ஏழுமலையை வேலைக்கு விடமாட்டாள்.

"உனுக்கு மட்டும் எப்பிடிக்கா பயமே இல்ல?" என்று என்னையே சுற்றிச் சுற்றி வருவாள். இருட்டில் வழி தெரியாதவன் இன்னொருவனுக்கு விளக்குப் பிடித்த கதையாக, நானும் வாய் கிழியப் போதித்தேன்.

ஒருநாள் முற்பகலில் சங்கு ஊதியது. முனியம்மா செம்போடு என் வாசலில் வந்து நின்றாள்.

"வாக்கா, போலாம்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "ஓடி இன்னா ஆவப்போவுது? செம்ப கீழ வை. ஒக்காரு. ஆண்டவர நம்பு."

வைத்தாள்! என் பேச்சை நம்பிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையை விடவே இல்லை. எதற்காக? அவள் ஆத்துமாவுக்காகவா? இல்லை. அந்தச் சங்குச் சத்தத்தோடு தனியாக இருக்க என்னால் முடியாது. எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது... அவ்வளவுதான்.

ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் அவள் ஓடினாள்.

பாறை சரிந்து அடிபட்ட ஏழுமலையை உயிரோடுதான் மேலே கொண்டுவந்திருந்தார்கள். சுற்றியிருந்த பெண்கள் தங்கள் செம்புகளை நீட்டினார்களாம். அவன் வாயை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொண்டானாம். "எம் பொண்டாட்டி கொண்டாருவா" என்றானாம். முனியம்மா போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

நம்பிக்கை என்றால் அதுதான். அது அவனிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

அவள் என் மயிரைப் பிடித்து இழுத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவளோ, "நல்லதுக்குத்தானக்கா சொன்ன" என்றாள். ஒரு பாடு அழுது ஓய்ந்ததும் கல் பொறுக்கும் வேலைக்குப் போனாள். பல்லிக்கு நடுங்கியவள் இப்போது எதற்கும் நடுங்குவதில்லை. கேட்டால், "மேல ஒருத்தன் பாத்துக்கினு கீறான். நீதானக்கா சொன்ன" என்கிறாள். நிம்மதியாகத் தூங்குகிறாள். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் மூச்சு கேட்கிறது.

ஆண்டவரே, இது என்ன நியாயம்? ஞானஸ்நானம்கூட வாங்காதவளுக்கு, என் பொய்யைக் கேட்டவளுக்கு, அந்தச் சமாதானத்தைக் கொடுத்தீர். பொய் சொன்ன வாய்க்கு ஒரு சொட்டும் இல்லையா? நானும் கேட்டேனே... முழங்கால் தேயக் கேட்டேனே! கேட்கும்போதே என் காது சங்குக்குத்தான் காத்திருக்கிறது. நீர் பேசினாலும் எனக்குக் கேட்குமா என்று தெரியவில்லை. உம்மேல் கோபமா, என்மேலா என்றும் தெரியவில்லை.

சில நாளைக்கு முன் துணிந்து என் செம்பை மறுபடி எடுத்து நிரப்பி வாசற்படியில் வைத்தேன். அன்றைக்கே சங்கு ஊதியது. எழுந்தேன், வாசல் நிலையைப் பிடித்தேன்... அதற்குமேல் கால் வரவில்லை. மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

முனியம்மா தன் செம்போடு வந்தாள். சுரங்கத்துக்குள் அவளுக்கென்று யாருமில்லை, ஆனாலும் ஒவ்வொரு சங்குக்கும் அவள் ஓடுகிறாள். என்னைப் பார்த்தாள், படியிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

"நீ ஜெபம் பண்ணுக்கா. மாமாவுக்கு நான் எடுத்துக்கினு போறேன்."

இரண்டு கையிலும் இரண்டு செம்போடு ஓடினாள்.

என் வீட்டுக்காரர் நடந்துதான் வந்தார், ஒரு கீறல்கூட இல்லை. முனியம்மா என் செம்பைத் திரும்பக் கொண்டுவந்து படியில் வைத்தாள். தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"பாத்தியா, உன் ஜெபந்தான் மாமாவக் காப்பாத்திச்சு" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது...

ஆமாம் என்று தலையாட்டினேன்.